காதல் கவிதையில் கவராயத்துக்கு என்ன வேலை?

ஆங்கில இலக்கியம் முதுகலை படிக்கும் ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இது: "மெட்டாஃபிசிக்கல் கவிதையின் பண்புகள் என்று நோட்ஸில் ஏழெட்டு கொடுத்திருக்கிறார்கள். எங்கிருந்தோ பிடித்து வந்த ஒப்புமை, முரண், வாக்குச் சாதுரியம், பேச்சு நடை, காதல், பக்தி, மரணம். மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் காதலியிடம் போய்த் தெள்ளுப்பூச்சியையும் கவராயத்தையும் பற்றிப் பேசுகிற ஆள் நிஜமாகவே காதலிக்கிறானா, இல்லை படித்த திமிரைக் காட்டுகிறானா? இதில் தத்துவம் எங்கே இருக்கிறது?"

பட்டியல் உங்களிடம் ஏற்கெனவே இருப்பதால் அதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. நீங்கள் கேட்க வருவது, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இந்தப் பண்புகள் எப்படி ஒரே கவிதையில் வந்து சேர்ந்தன, இவ்வளவு சாமர்த்தியத்துக்கு நடுவில் மனசுக்கு இடம் இருக்கிறதா என்பது. கல்லூரியில் பல வருடம் இந்தக் கவிதைகளைப் பாடம் நடத்தியவன் நான். எனக்குத் தோன்றுவது இதுதான்: இவை வாதங்கள். எதிரில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, அவரைத் தன் பக்கம் இழுப்பதற்காகப் பேசும் பேச்சு. அந்த எதிராளி காதலியாக இருக்கலாம், சூரியனாக இருக்கலாம், கடவுளாக இருக்கலாம், மரணமாகவும் இருக்கலாம். வாதம் செய்கிறவனுக்கு உதாரணம் வேண்டும், அதனால் ஒப்புமை. எதிராளியை மடக்க வேண்டும், அதனால் முரண். பேசுகிற குரல் வேண்டும், அதனால் அந்தக் கரடுமுரடான சந்தம். இப்படிப் பார்த்தால் உங்கள் பட்டியலில் இருக்கும் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

முதலில் பெயரைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் அதுதான் ஆளைக் குழப்புகிறது. நீங்கள் சொல்லும் தெள்ளுப்பூச்சியையும் கவராயத்தையும் எழுதிய ஜான் டன்னோ, 17ஆம் நூற்றாண்டில் எழுதிய ஜார்ஜ் ஹெர்பர்ட்டோ ஆண்ட்ரூ மார்வெல்லோ தங்களை மெட்டாஃபிசிக்கல், அதாவது தத்துவம் சார்ந்த, கவிஞர்கள் என்று சொல்லிக்கொண்டதில்லை. டன் இறந்து அறுபது வருடம் கழித்து, 1693இல், ட்ரைடன் என்ற கவிஞர்தான் அந்தச் சொல்லை அவர் மேல் வீசினார். காதல் கவிதையில்கூட டன் தத்துவம் பேசுகிறார், பெண்களின் மனதைக் கவர வேண்டிய இடத்தில் நுணுக்கமான ஆராய்ச்சியால் அவர்களைக் குழப்புகிறார் என்பது புகார். பிறகு 1779இல் விமர்சகர் டாக்டர் சாமுவேல் ஜான்சன், ஆபிரகாம் கௌலி என்ற கவிஞரின் வாழ்க்கையை எழுதும்போது, அதே சொல்லை ஒரு கூட்டத்துக்கே பெயராக வைத்துவிட்டார். இரண்டு பேருமே பாராட்டவில்லை. வசவாக வந்த பெயர் அப்படியே தங்கிவிட்டது. ஆகவே இந்தக் கவிதைகளுக்குள் ஒரு தத்துவ அமைப்பைத் தேடாதீர்கள், கிடைக்காது. பல்கலைக்கழகங்களில் அன்று சொல்லிக்கொடுத்த பழைய தத்துவத்தின் சொற்களும், அதன் வாதமுறையும் உண்டு. மார்வெல் தன் காதல் பேரரசுகளை விடப் பெரிதாக, அவற்றை விட மெதுவாக, செடிகொடியைப் போல வளரும் என்கிறார். அதைப் படித்துவிட்டு முட்டைக்கோஸை நினைத்துச் சிரிக்கும் மாணவர்கள் உண்டு. அரிஸ்டாட்டில் வழி வந்த பாடத்தில் உயிருக்கு மூன்று நிலை: வளர்வது மட்டும் தெரிந்த தாவர உயிர், உணர்ச்சி உள்ள விலங்கு உயிர், பகுத்தறிவு உள்ள மனித உயிர். மார்வெல் சொல்வது அந்த முதல் நிலை. தத்துவம் இந்த அளவில்தான் இருக்கிறது. கையில் கிடைத்த கருவிகளில் அதுவும் ஒன்று.

இவர்கள் ஒரு பள்ளி, ஒரு இயக்கம் என்பதும் பாதி உண்மைதான். ஹெர்பர்ட்டின் தாயார் மேக்டலன் டன்னுக்கு நெருங்கிய தோழி, அந்தத் தொடர்பு உறுதி. இந்தக் கூட்டத்தில் சேர்க்கப்படும் ஹென்றி வாகன், தான் ஹெர்பர்ட்டுக்குக் கடன்பட்டவன் என்று தன் நூல் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். ரிச்சர்ட் க்ராஷாவின் தொகுப்புத் தலைப்பே ஹெர்பர்ட்டின் தொகுப்பை நினைவூட்டுவதுதான். ஆனால் டன் 1631இல் இறந்தபோது மார்வெல் பத்து வயதுச் சிறுவன். தாமஸ் ட்ரஹெர்ன் கதை இன்னும் வேடிக்கை. அவருடைய கவிதைகள் கையெழுத்துப் பிரதியாக லண்டன் தெருப் புத்தகக் கடையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்டெடுக்கப்பட்டு, முதலில் வாகன் எழுதியவை என்று கருதப்பட்டு, 1903இல்தான் ட்ரஹெர்ன் பெயரில் அச்சாயின. ட்ரைடனுக்கும் ஜான்சனுக்கும் அப்படி ஒரு கவிஞர் இருந்ததே தெரியாது. இன்று எல்லாப் பாடநூலிலும் அவர் இந்தக் கூட்டத்தில் ஒருவர்.

சரி, ஏன் வாதம்? டன் 1572இல் பிறந்தவர். 1592இல் லண்டனில் லிங்கன்ஸ் இன் என்ற சட்டப் பயிலகத்தில் சேர்ந்தார். வழக்காடிப் பழகுவது அங்கே பயிற்சியின் ஒரு பகுதி. அதே வருடங்களில் சிட்னி என்ற கவிஞரின் காதல் சானட்டுகள் (14 வரிக் கவிதைகள்) அச்சாகி, ஊரெல்லாம் சானட் எழுதும் மோகம். காதலி பனிக்கட்டி, காதலன் நெருப்பு, கண்ணீர் வெள்ளம், பெருமூச்சு புயல் என்று இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் காலத்திலிருந்து வந்த சரக்கு அலுக்கிற அளவுக்குச் சந்தையில் கிடந்தது. டன்னின் வாசகர்கள் அதையெல்லாம் படித்துச் சலித்த படிப்பாளி இளைஞர்கள். 'தி கேனனைசேஷன்' கவிதையில் அவர் கேட்கிறார்: என் பெருமூச்சால் எந்த வியாபாரியின் கப்பல் மூழ்கியது? என் கண்ணீர் யாருடைய வயலில் வெள்ளமாகப் புகுந்தது? பழைய உவமைகளை அப்படியே எடுத்து, நீதிமன்றத்தில் நஷ்டக் கணக்குக் கேட்பதுபோல் கேட்டால் அவை எவ்வளவு அபத்தம் என்று தெரிந்துவிடுகிறது. அதே நேரத்தில், எங்கள் காதலால் யாருக்கும் நஷ்டமில்லை, எங்களை விடுங்கள் என்ற வாதமும் நிலைபெறுகிறது. கேலியும் கெஞ்சலும் ஒரே வரியில்.

இன்னொரு விஷயம், டன் தன் கவிதைகளை அச்சுக்காக எழுதவில்லை. நண்பர்களிடையே கையெழுத்தாகச் சுற்றியவை அவை. இருநூறுக்கும் மேற்பட்ட கையெழுத்துத் தொகுப்புகளில் அவர் கவிதைகள் இருக்கின்றன. ஆனால் அவர் கைப்பட எழுதிக் கிடைத்திருக்கும் ஆங்கிலக் கவிதை ஒன்றே ஒன்று, 1970இல் வெளிச்சத்துக்கு வந்த ஒரு கவிதைக் கடிதம். தொகுப்பு நூல் வந்தது அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1633இல். இது கவிதையின் கடினத்தையும் ஓரளவு விளக்குகிறது: தெரிந்தவர்களுக்கு எழுதுகிறவன் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க மாட்டான்.

இப்போது உங்கள் தெள்ளுப்பூச்சிக்கு வருவோம். அந்தப் பூச்சியைக் காதல் கவிதைக்குள் கொண்டுவந்தது டன் இல்லை. ஐரோப்பாவில் அது ஏற்கெனவே ஒரு பழக்கம். பிரான்ஸில் ஒரு பெண் கவிஞரின் மார்பில் உட்கார்ந்த தெள்ளுப்பூச்சியைப் பற்றிப் பலர் எழுதிய கவிதைகள் 1580களில் புத்தகமாகவே வந்தன. அவற்றில் வழக்கமான ஆசை, நான் அந்தப் பூச்சியாக இருக்கக் கூடாதா என்பது. டன் அந்த ஆசையைத் தொடுவதே இல்லை. பூச்சியைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார். முதல் பத்தி: இது என்னைக் கடித்தது, உன்னையும் கடித்தது, நம் ரத்தம் இதற்குள் கலந்துவிட்டது, இதைப் பாவம் என்றோ மானக்கேடு என்றோ யாராவது சொல்வார்களா? இரண்டாவது பத்தியில் அவள் அதை நசுக்கக் கை ஓங்குகிறாள். உடனே வாதம் மாறுகிறது: நில், இதில் மூன்று உயிர் இருக்கிறது, இதுதான் நம் மணக்கட்டில், நம் கோவில். இரண்டாவது பத்திக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தில் அவள் நசுக்கிவிடுகிறாள். பார், நீயும் பலவீனமாகவில்லை, நானும் பலவீனமாகவில்லை என்று அவள் சொல்வதாகக் கவிதையிலிருந்து தெரிகிறது. சட்டென்று அவர் அதையே பிடித்துக்கொள்கிறார்: மிகவும் சரி, அப்படியானால் எனக்கு இணங்கினாலும் உன் மானம் அவ்வளவுதான் குறையும்.

இதில் காதல் இருக்கிறதா என்றால், என் நேர்மையான பதில்: அதிகம் இல்லை. இது ஒரு விளையாட்டு, நண்பர்கள் படித்துச் சிரிப்பதற்கான சாமர்த்தியம். ஆனால் விளையாட்டாகவே பார்த்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ஒரு வரி வசனம்கூட நேரடியாகக் கிடையாது. இருந்தும் கவிதையை நடத்துவது அவள்தான். அவள் செய்கிற ஒவ்வொரு செயலுக்கும் அவன் வாதத்தைத் திருப்பி எழுத வேண்டியிருக்கிறது. கவிதை நம் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கும் ஒரு சம்பவம். டன்னுக்கு முந்திய ஆங்கிலக் காதல் கவிதையில் இந்த உடனடித் தன்மை அபூர்வம்.

கவராயம் வேறு கதை. 'எ வலெடிக்ஷன்: ஃபர்பிடிங் மோர்னிங்' பிரிந்து போகும்போது அழாதே என்று சொல்லும் கவிதை, மொத்தம் 36 வரி. கவராயம் வருவது கடைசி 12 வரிகளில்தான். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் அந்த 12 வரியை மட்டும் படிப்பதால்தான் அது திடீரென்று குதித்ததுபோல் தெரிகிறது. முன்னால் நடப்பதைப் பாருங்கள். நல்ல மனிதர்கள் சத்தமில்லாமல் உயிர்விடுவதைப் போல நாமும் சத்தமில்லாமல் பிரிவோம் என்று தொடங்குகிறார். நிலம் அதிர்ந்தால் ஊர் பயப்படும், வானக் கோளங்கள் அதிர்ந்தால் அதை விடப் பெரிது, ஆனால் யாருக்கும் தீங்கில்லை என்கிறார். உடல் அருகில் இருந்தால்தான் காதல் என்று இருப்பவர்கள் பிரிவைத் தாங்க மாட்டார்கள், நாம் அப்படி இல்லை என்கிறார். நம் இரண்டு உயிரும் ஒன்றே, ஆகவே இது பிளவு கிடையாது, தங்கத்தைத் தட்டித் தட்டிக் காற்றைப் போல மெல்லிதாக்கினால் விரிவதுபோல் ஒரு விரிவு என்கிறார். இங்கேயே கவிதை முடிந்திருக்கலாம். அப்புறம்தான் வருகிறது அந்த வரி: "அப்படியே இரண்டு என்று வைத்துக்கொண்டாலும்." வக்கீல்கள் செய்வது இது. முதல் வாதத்தை நீதிபதி ஏற்காவிட்டால் கைவசம் மாற்று வாதம். ஒன்று என்று சொன்னதை நீ நம்பவில்லையா? சரி, இரண்டு என்றே வை. கவராயத்தின் இரண்டு கால்கள்போல் இரண்டு. நடுவில் ஊன்றிய கால் நீ. நகராததுபோல் தெரியும், ஆனால் நான் தள்ளிப் போகப் போக நீ என் பக்கம் சாய்வாய், நான் திரும்பும்போது நிமிர்வாய். உன் உறுதிதான் என் வட்டத்தைச் சரியாக்குகிறது.

ஒருவர் ஒரு வாதத்தோடு நிறுத்த முடியாமல் அடுத்ததைத் தேடுகிறார் என்றால், முதல் வாதம் தனக்கே போதவில்லை என்று அர்த்தம். அழாதே என்று அவளிடம் சொல்கிறாரா, தனக்குச் சொல்லிக்கொள்கிறாரா? மனசு எங்கே என்று கேட்டீர்களே, என்னைக் கேட்டால் அந்த "வைத்துக்கொண்டாலும்" என்ற இடத்தில்தான் இருக்கிறது. கணக்குப்படி பார்த்தால் அந்த உவமையில் ஒரு சின்னத் தில்லுமுல்லும் உண்டு. வட்டம் போடும் கால் மையத்துக்குத் திரும்புவதில்லை, வீடு திரும்பும் கால் வட்டம் போடுவதில்லை. டன் இரண்டு அசைவையும் ஒன்றாகச் சுருட்டிவிட்டார். படிக்கும்போது யாருக்கும் உறுத்துவதில்லை.

கவராயமும் அன்றைய வாசகருக்குப் புதுப் பொருள் இல்லை. ஆன்ட்வெர்ப் நகரின் புகழ்பெற்ற அச்சுக்காரர் பிளான்டினின் முத்திரையே கவராயம்தான், "உழைப்பும் உறுதியும்" என்ற லத்தீன் வாசகத்தோடு. நிலையான கால் உறுதிக்கு அடையாளம் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். பின்னால் கேத்தரின் பிலிப்ஸ் என்ற பெண் கவிஞர் இதே கவராயத்தை எடுத்து இரு பெண்களின் நட்புக்குப் பொருத்தினார். ஆகவே எங்கேயும் இல்லாத ஒப்புமை என்று தேர்வில் எழுதாதீர்கள். தெரிந்த பொருளை வாதத்தின் எந்த இடத்தில் வைத்தார் என்பதில்தான் அவருடைய திறமை.

இந்தக் கவிதை பற்றிப் பாடநூல்களில் ஒரு கதையும் இருக்கும்: 1611இல் டன் பிரான்சுக்குக் கிளம்பும்போது மனைவி ஆனுக்கு எழுதிக்கொடுத்தது என்று. இதை உறுதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கதையைச் சொன்னவர் ஐசக் வால்டன். டன்னின் வாழ்க்கை வரலாற்றை அவர் 1640இல் முதலில் வெளியிட்டபோது அதில் இந்தக் கதை இல்லை. 1675ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்த்தார். டன் அந்தப் பயணம் போனது உண்மை, அவர் இல்லாதபோது ஆனுக்குக் குழந்தை இறந்து பிறந்ததும் உண்மை. கவிதை அந்தப் பயணத்துக்குத்தான் என்பதற்கு வால்டனைத் தவிர ஆதாரம் இல்லை. பொதுவாகவே டன்னின் காதல் கவிதைகளுக்குத் தேதி போடுவது ஊகம்தான். அபூர்வமாக ஒரு துப்பு கிடைக்கும். 'தி சன் ரைசிங்' கவிதையில், காலையில் வந்து எழுப்பும் சூரியனை "சும்மா இருக்காத கிழட்டு முட்டாளே" என்கிற தோரணையில் திட்டிவிட்டு, போய் அரசர் இன்று வேட்டைக்குக் கிளம்புகிறார் என்று அரண்மனை வேட்டைக்காரர்களிடம் சொல் என்கிறார். வேட்டைப் பைத்தியம் பிடித்த முதலாம் ஜேம்ஸ் பட்டத்துக்கு வந்தது 1603. அதற்கு முன் நாற்பத்துச் சொச்ச வருடம் ஆண்டது ராணி. ஆகவே கவிதை 1603க்குப் பின் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

அது சரியானால் கவிதையின் கனமே மாறிவிடுகிறது. 1601 டிசம்பரில் டன் தன் எஜமானர் எகர்ட்டனின் உறவுப் பெண்ணான ஆன் மோரை ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார். பெண்ணின் அப்பா கொதித்துப் போனார். டன்னுக்கு வேலை போயிற்று, சிறைக்கும் போய் வந்தார். பிறகு பல வருடம் நிரந்தர வேலை இல்லாமல், வரிசையாகக் குழந்தைகளோடு, உறவினர் தயவிலும் வாடகை வீட்டிலும் காலம் தள்ளினார். அந்த ஆள் சொல்கிறார்: அவள்தான் எல்லா நாடுகளும், நான்தான் எல்லா அரசர்களும், வேறெதுவும் இல்லை, வாசனைப் பொருள் விளையும் இந்தியாவும் தங்கம் கிடைக்கும் மேற்கிந்தியாவும் இந்தப் படுக்கையில் கிடக்கின்றன. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிகஸின் நூல் வந்து அறுபது வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் சூரியனுக்கு இந்தப் படுக்கையே மையம், இந்தச் சுவர்களே உன் சுற்றுப்பாதை என்கிறார். டன்னுக்குப் புது வானியல் தெரியும். 1611இல் எழுதிய நீண்ட கவிதையில், புதுத் தத்துவம் எல்லாவற்றையும் சந்தேகத்தில் தள்ளிவிட்டது, சூரியனும் தொலைந்தது பூமியும் தொலைந்தது என்கிறார். கலீலியோ தன் தொலைநோக்கியில் கண்டதை அச்சிட்டது அதற்கு முந்திய வருடம்தான். ஆனால் கவிதைக்குக் கவிதை எந்த வானம் வாதத்துக்கு உதவுமோ அந்த வானத்தை எடுத்துக்கொள்கிறார். அறிவியலில் டன்னின் நிலைப்பாடு என்ன என்று கட்டுரை எழுதச் சொன்னால், ஜாக்கிரதையாக எழுதுங்கள்.

சந்தம் பற்றிச் சுருக்கமாக. டன்னின் சமகாலத்தவர் பென் ஜான்சன், அசையழுத்தம் சரியாக வைக்காததற்காக டன்னைத் தூக்கில் போட வேண்டும் என்றார். அதே ஆள் சில விஷயங்களில் உலகத்தின் முதல் கவிஞர் டன்தான் என்றும் சொன்னார். இரண்டும் உண்மை. கடவுள் பேரால் கேட்கிறேன், வாயை மூடு, நான் காதலிக்கிறேன் விடு என்று தொடங்குகிற வரியை இனிமையாகப் பாட முடியுமா? பேசத்தான் முடியும். இவ்வளவு முரட்டுக் குரலை அவர் மிகவும் சிக்கலான பத்தி அமைப்புகளுக்குள் அடைத்திருக்கிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவருடைய ஐம்பத்துச் சொச்சம் காதல் கவிதைகளில் ஒன்றின் பத்தி அமைப்பு இன்னொன்றில் திரும்ப வருவது குறைவு.

ஒப்புமைகளைப் பற்றி டாக்டர் ஜான்சன் சொன்னது எல்லா நோட்ஸிலும் இருக்கும்: ஒன்றுக்கொன்று பொருந்தாத எண்ணங்களைப் பலவந்தமாக ஒரே நுகத்தடியில் பூட்டுகிறார்கள். இதை ஜான்சனுக்குப் புரியவில்லை என்று தள்ளிவிடுவது இப்போது வழக்கம். அவர் பேசிக்கொண்டிருந்தது பெரும்பாலும் கௌலியைப் பற்றி. கௌலியைப் படித்துப் பார்த்தால் ஜான்சன் பக்கம் நியாயம் இருப்பது தெரியும். க்ராஷா, மகதலா மரியாளின் அழும் கண்களை நடமாடும் குளியல் தொட்டிகள், கையில் எடுத்துப் போகக்கூடிய கடல்கள் என்கிறார். எனக்கு அங்கே பக்தி வருவதில்லை, சிரிப்புதான் வருகிறது. அங்கே வாதம் இல்லை, கண்ணீருக்கு எத்தனை உவமை முடியும் என்ற அடுக்கு மட்டும் இருக்கிறது. க்ராஷாவுக்குப் பின்னால் இருக்கும் இத்தாலிய, ஸ்பானியக் கவிதைகளை நான் மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன், அதனால் இந்தத் தீர்ப்பில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.

பக்திக் கவிதைகளை நோட்ஸ் தனித் தலைப்பில் வைத்திருக்கும். இளமையில் காதல், பிறகு மனம் மாறி பக்தி என்ற கதை டன்னே தொடங்கி வைத்தது. ஒரு கடிதத்தில் தன் பழைய நூல் ஒன்றைப் பற்றி, அதை எழுதியது ஜாக் (ஜான் என்பதன் செல்லப்பெயர்) டன், டாக்டர் டன் இல்லை என்று வேடிக்கையாக எழுதினார். ஆனால் அவர் பாதிரியானது 1615இல். அவருடைய புகழ்பெற்ற பக்தி சானட்டுகளில் பெரும்பாலானவை அதற்குச் சில வருடம் முன்பே எழுதப்பட்டவை என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டது. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தம்பி ஹென்றி ஒரு கத்தோலிக்கப் பாதிரியாருக்கு இடம் கொடுத்த குற்றத்துக்காகப் பிடிபட்டு 1593இல் சிறையிலேயே நோயில் இறந்தார். பிறகு டன் இங்கிலாந்துத் திருச்சபைக்கு மாறினார். எப்போது, எவ்வளவு மனதோடு மாறினார் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அந்தப் பின்னணியோடு 'பேட்டர் மை ஹார்ட்' படியுங்கள். என் இதயத்தை இடித்து உடை என்று கடவுளிடம் கேட்கிறார். நான் எதிரி பிடித்துக்கொண்ட ஊர், உன்னை உள்ளே விட முயல்கிறேன், முடியவில்லை. உன் எதிரிக்கு நிச்சயிக்கப்பட்டவள் நான், என்னைப் பிரித்துக் கொண்டு போ. நீ சிறைப்பிடித்தால்தான் எனக்கு விடுதலை, நீ பலவந்தம் செய்தால்தான் நான் கற்புள்ளவள். தெள்ளுப்பூச்சிக் கவிதையை எழுதிய அதே கை. எதிராளி மட்டும் மாறியிருக்கிறார், இந்த முறை மடக்க முடியாத எதிராளி.

ஹெர்பர்ட் இதையே தணிந்த குரலில் செய்கிறார். என் சொந்த விருப்பத்தைக் கேட்டால் டன்னை விட ஒரு படி மேலே வைப்பேன். கேம்பிரிட்ஜில் பல்கலைக்கழகத்தின் அதிகாரப்பூர்வப் பேச்சாளராக இருந்தவர், கடைசியில் சால்ஸ்பரி பக்கத்தில் பெமர்ட்டன் என்ற சின்ன ஊரில் பாதிரியாராகப் போய், மூன்றே வருடத்தில், 1633இல், நாற்பது வயது நிறைவதற்குள் இறந்தார். 'ரிடெம்ப்ஷன்' என்ற சானட்டைப் பாருங்கள். ஒரு குத்தகைக்காரன், பழைய குத்தகை கட்டுப்படியாகவில்லை, குறைந்த குத்தகைத் தொகைக்குப் புதிது எழுதித் தரக் கேட்கலாம் என்று நிலச்சுவான்தாரைத் தேடிப் போகிறான். மேலுலக மாளிகையில் ஆள் இல்லை, வெகுகாலம் முன் அதிக விலை கொடுத்து வாங்கிய ஒரு நிலத்தை எடுத்துக்கொள்ள பூமிக்குப் போயிருக்கிறார் என்கிறார்கள். பெரிய மனிதர் ஆயிற்றே என்று நகரங்களிலும் அரங்குகளிலும் அரண்மனைகளிலும் தேடுகிறான். கடைசியில் திருடர்களும் கொலைகாரர்களும் கூச்சலிட்டுச் சிரிக்கும் ஓரிடத்தில் கண்டுபிடிக்கிறான். வாய் திறப்பதற்குள் அவர், உன் மனு ஏற்கப்பட்டது என்கிறார், இறந்துவிடுகிறார். சிலுவை என்ற சொல் கவிதையில் எங்கும் இல்லை. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, மீட்பு என்ற மொத்த இறையியலும் ஒரு குத்தகைப் பத்திரத்துக்குள் அடங்கிவிடுகிறது. மனு போடும் முன்பே தீர்ப்பு வந்துவிடுவதால் வாதாடுவதற்கு வாய்ப்பே இல்லாமல் போகிறது. டன் கத்துகிற இடத்தில் ஹெர்பர்ட் இப்படி வாயடைத்துப் போகிறார்.

மார்வெல்லின் 'டு ஹிஸ் காய் மிஸ்ட்ரஸ்' வாதத்தை வெளிப்படையாக எலும்புக்கூடாகவே காட்டுகிறது. 46 வரி, மூன்று பகுதி: நமக்கு நேரம் இருந்தால், ஆனால் இல்லை, ஆகவே. நேரம் இருந்தால் நீ கங்கைக் கரையில் மாணிக்கம் பொறுக்கு, நான் ஹம்பர் நதிக்கரையில் புலம்பிக்கொண்டிருப்பேன் என்கிறார். ஹம்பர் அவருடைய சொந்த ஊரான ஹல் இருக்கும் நதிமுகம், எந்தக் காவியப் பெருமையும் இல்லாதது. அந்தச் சிரிப்பு இரண்டாம் பகுதியில் கல்லறையும் புழுவுமாக இருண்டு, மூன்றாவதில் கிட்டத்தட்ட வெறியாகிறது. தர்க்கப்படி அந்த "ஆகவே" செல்லாது என்று தர்க்கவியல் படித்தவர்கள் சொல்வார்கள். முதல் நிபந்தனை பொய் என்பதால் முடிவும் பொய்யாக வேண்டியதில்லை. மார்வெல் படிப்பாளி, அவருக்கு இது தெரிந்தே இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கவிதை ஜெயிப்பது வேகத்தால்: சூரியனை நிறுத்த நம்மால் முடியாது, ஓட வைப்போம். யாருக்காக எழுதினார் என்பதற்குத் தடயமே இல்லை. அச்சானது அவர் இறந்து மூன்று வருடம் கழித்து, 1681இல்.

உங்கள் நோட்ஸில் கவிஞரும் விமர்சகருமான டி. எஸ். எலியட் கண்டிப்பாக இருப்பார். 1921இல், இந்தக் கவிதைகளைக் கிரியர்சன் தொகுத்த நூலுக்கு எழுதிய மதிப்புரையில், டன்னுக்கு ஒரு எண்ணம் என்பதே ஒரு அனுபவம், அவருக்குப் பின் ஆங்கிலக் கவிதையில் சிந்தனையும் உணர்ச்சியும் பிரிந்து போயின என்றார். முதல் பாதி அருமையான வாசிப்பு, உங்கள் கேள்விக்கே பதில் அதில் இருக்கிறது. இரண்டாம் பாதியை வரலாற்று உண்மையாக எழுதாதீர்கள். ஃபிராங்க் கெர்மோட் போன்ற விமர்சகர்கள் 1950களிலேயே அதைக் கடுமையாக மறுத்தார்கள். பிரிவுக்கு மில்டனையும் ட்ரைடனையும் குற்றம் சாட்டியது தவறு என்று எலியட்டே 1947இல் பின்வாங்கினார். நம் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் டன்னுக்கு இவ்வளவு இடம் கிடைத்ததற்கு எலியட்டும் அவர் வழி வந்த அமெரிக்க விமர்சகர்களும் முக்கியக் காரணம். முரணும் இறுக்கமும்தான் நல்ல கவிதைக்கு அளவுகோல் என்று அவர்கள் வைத்தார்கள், அந்த அளவுகோலுக்கு டன் அச்சாகப் பொருந்தினார்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், 'ரிடெம்ப்ஷன்' முதலில், 14 வரிதான். அடுத்து 'தி சன் ரைசிங்'. அப்புறம் 'வலெடிக்ஷன்' முழுவதும், கவராயத்துக்கு வருமுன் அவசரப்படாமல். சத்தமாகப் படியுங்கள். எங்கே "ஆனால்", எங்கே "ஆகவே", எங்கே "அப்படியே வைத்துக்கொண்டாலும்" வருகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். டன்னின் 'தி எக்ஸ்டசி' பாடத்திட்டத்தில் இருந்தால் அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். உடலும் உயிரும் பற்றிய பழைய தத்துவம் உண்மையிலேயே அடர்த்தியாக வருவது அதில்தான். அது உயர்ந்த காதலைப் பாடுகிறதா, இல்லை மிக நீளமாகச் சுற்றி வளைத்துப் படுக்கைக்கு அழைக்கிறதா என்று விமர்சகர்கள் இன்றும் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். நான் வருடத்துக்கு ஒரு கட்சியாக மாறிக்கொண்டிருக்கிறேன்.